இரண்டு மனுவிலும் கையெழுத்து

மலையடிவாரத்துக்குப் போகும் எங்கள் தெருவை ஒருவழிப்பாதையாக்கக் கோரி மனு எழுதினேன். காரணம் என் மனைவி. எதிர்வரிசைப் பால் கடைக்குப் போனவளை ஒரு பைக் தட்டிவிட்டது. இடுப்பில் அடி; பதினோரு வாரம் படுத்திருந்தாள். எழுந்த பிறகும் பாலுக்குத் தானேதான் போவேன் என்கிறாள். நான் வாங்கி வரும் பாலில் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

காலை ஆறிலிருந்து ஏழுவரை வாசலில் நின்று எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு வண்டிகள். மலைக்கோயிலுக்கு மொட்டை போட வரும் ஆந்திர வேன்கள் மட்டும் நாற்பத்தொன்று. அதையும் மனுவில் சேர்த்தேன். ஒன்பது நாள் வீடு வீடாக ஏறி நூற்று மூன்று கையெழுத்து வாங்கினேன்.

ஒருவழியானால் வேன்கள் பின்தெருவில் திரும்பிவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்மனு எழுதினார்கள். பால் கடைக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் பெண்தான் அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சுற்றினாள். தட்டில் தாளோடு மலைக்கோயில் விபூதியும் வைத்திருந்தாள். விபூதியை வாங்கிய கை பேனாவை எப்படி மறுக்கும்? நான் வெறும் பேனாவோடு போயிருந்தேன்.

நகராட்சியில் ஓர் அலுவலர் இரண்டு மனுவையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

"இன்னா சார், அறுபத்தெட்டுப் பேர் ரெண்டுலயும் போட்டுகிறாங்க. வேணும்ன்றாங்களா, வேணான்றாங்களா? உங்களுக்குள்ள பேசி முடிச்சிகினு வாங்க."

நான் எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்பது. அவர் கண்ணில் படாத அந்த ஒன்று என் மனைவியுடையது.

வீட்டுக்கு வந்து, ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"துன்னூறு கொண்டாந்து நீட்னா. வேணான்னு சொல்லவா? உங்களுதுலயுந்தான் போட்டேன்."

"அடிபட்டது நீ."

"ஆங். படுத்துகினு இருந்தப்போ தெனம் பூ குடுத்தனுப்புனது அவ."

மனுவின் நகலை மேசைமேல் வைத்தேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மறுநாள் காலை தூக்குச்சட்டியோடு கிளம்பினாள். அவள் முழங்கையைப் பிடித்தபடி தெருவோரம் நின்றேன். பதினேழு, பதினெட்டு. வண்டிகளுக்கு நடுவே இடைவெளி விழவில்லை. பூக்கடைக்காரி சரம் கட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தாள்.

"சார், எண்ணிகினே நின்னா பால் காலியாய்டும்."

சரத்தை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். ஒரு வேனுக்கு முன்னால் கையைக் காட்டி நின்றாள்.

"அத்தே, நீ வா."

வேன் நின்றது. என் மனைவி மெதுவாக நடந்தாள்.

மாதத்தில் இரண்டு நாள் பூக்கடைக்காரி பள்ளிப்பட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த இரண்டு நாளுக்கு என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே நானும் தெருவைக் கடந்தேன்.