கூரைக்குள் நுழையாத கெபி

மாதாவை என் வண்டியில் கொண்டுபோகலாம் என்று வேளாங்கண்ணி நடைக்கான கூட்டத்தில் எழுந்து சொன்னது நான்தான். பெங்களூர் மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்தக் கூட்டத்துக்குப் பல வருடமாகப் போகிறேன். ஆனால் வாயைத் திறந்தது அன்றுதான். பின்னால் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தவன் எழுந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டேன். காது சுட்டது.

ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு எங்கள் பகுதியிலிருந்து ஒரு கூட்டம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும். முன்னால் ஒரு டெம்போ போகும். அதன்மேல் மூங்கிலும் தெர்மோகோலும் வைத்துக் குகை மாதிரி ஒரு கெபி கட்டி, அதற்குள் மாதா சுரூபத்தை நிறுத்துவோம். அரிசி, பாத்திரம், அடுப்பு, பாய் எல்லாம் கெபிக்குப் பின்னால். நடக்கிறவர்கள் வந்து சேர்வதற்குள் வண்டி அடுத்த இடத்துக்குப் போய், அங்கே உலை கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் மனைவி பல வருடம் செருப்பில்லாமல் அப்படி நடந்தவள். இரண்டு வருடம் முன்பு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் திரும்பி வந்தது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கழிவறைக்குத் தூக்கிப்போவது எல்லாம் நான்தான். வேறு யாராவது தொட வந்தால் உடம்பைச் சுருக்கிக்கொள்வாள். சொந்தத் தங்கச்சியைக்கூட விடமாட்டாள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். நடக்க முடியாவிட்டாலும், நடக்கிறவர்களோடு ஒரு தடவை கடல் வரைக்கும் போய்விட வேண்டும். ரயிலில் கூட்டிப்போகிறேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ரயில்ல போனா அது ஊர் சுத்திப் பாக்கப் போறது. நான் கேட்டது அதில்ல" என்றாள்.

வழக்கமாக வரும் டீசல் டெம்போவில் டிரைவரும் கிளீனரும் உட்காரவே இடம் சரியாக இருக்கும். ஏறுகிற படியும் உயரம். என்னுடையது மின்சாரத்தில் ஓடும் சின்ன லாரி. தாழ்வான வண்டி. கதவைத் திறந்து அவளை அப்படியே சீட்டில் உட்கார வைத்துவிடலாம். அதனால்தான் எழுந்து சொன்னேன்.

எங்கள் நடைக்கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பெயின்டர். நெடுநெடுவென்று உயரமான ஆள், மைக் தேவையில்லாத குரல். அவர் கேட்டார்:

"ஏன்பா, கரண்ட் வண்டி அவ்ளோ தூரம் போகுமா?"

"வழியில சார்ஜர் இருக்குண்ணே. போன்ல காட்டுது."

"இருக்குன்னு காட்டுதா, இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவரே, "சரி விடு, சத்தமில்லாத வண்டி. ஜெபமாலை சொன்னா கடைசி ஆளுக்கும் கேக்கும்" என்று முடித்துவிட்டார்.

உண்மையில் நான் வெளியே எங்கேயும் சார்ஜ் போட்டதே கிடையாது. தினமும் அடுகோடியில் ஒரு கிடங்கிலிருந்து காய்கறிப் பெட்டிகளை ஏற்றிக் கடைகளுக்குப் போடுவது என் வேலை. கிடங்கின் பின்சுவரில் வரிசையாக சார்ஜர்கள் இருக்கும். வேலை முடிந்ததும் வண்டியை நிறுத்தி மாட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன். சார்ஜர் என்றால் எனக்குத் தெரிந்தது அந்தச் சுவர்தான். ஊருக்கு வெளியேயும் அப்படி எங்காவது ஒரு சுவர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கெபி கட்டும்போது தலைவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "வண்டி ரொம்பத் தாழ்வா இருக்குப்பா. மாதா யாருக்கும் தெரியமாட்டா. தூக்கிக் கட்டு" என்றார். அதுவும் நியாயம்தான். பழைய டெம்போவின் தளம் உயரம். அந்தக் குறையைச் சரிக்கட்ட, கெபிக்கு அடியில் மரப்பெட்டிகளை அடுக்கி உயர்த்தினோம். உச்சியில் விளக்குப் போட்ட சிலுவை வைத்தோம். தளத்தில் துளை போட்டு போல்ட் முடுக்கினேன். புது வண்டி. துளை போடும்போது கொஞ்சம் மனசு கஷ்டமாக இருந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் மேல" என்று இடது கையைக் காட்டினாள்.

ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மந்திரித்து மாதாவை ஏற்றிவிட்டால் கடலைப் பார்க்கும்வரை இறக்கக்கூடாது. வழியில் தரையில் வைத்தால் அந்த வருட நடை அங்கேயே முடிந்தது என்று அர்த்தம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்களுக்கு எல்லோருக்கும் தெரியும்.

முதல் நாள் சந்தோஷமாகவே போனது. ஓசூர் ரோட்டில் நான் மெதுவாக ஓட்ட, பின்னால் ஜெபமாலைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. மனைவி இடது கையில் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "எனக்கா கும்புடுறாங்க, மாதாவுக்கா?" என்று கேட்டாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

தங்கிய இடம் ஒரு மாதா கோவில் மண்டபம். பிளக்கில் மாட்டி வைத்தால் விடிவதற்குள் பாதியாவது ஏறிவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒயர் கருகிய வாசனை வந்தது, ஃபியூஸ் போனது. மண்டபத்தில் ஒரு ஃபேனும் ஓடவில்லை. நடந்து களைத்தவர்கள் கொசுக்கடியில் புரண்டார்கள். அந்தக் கோவில் உபதேசியார் என்னிடம் கோபப்படவில்லை. "தப்பா நெனைக்காதீங்க, பழைய ஒயரிங்கு. இனிமே மாட்டாதீங்க" என்றார். அதற்குப் பிறகு தங்கிய இடங்களில் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஓசூரில் போன் காட்டிய சார்ஜர் ஒரு ஹோட்டலுக்குள் இருந்தது. கேட்டிலேயே நிறுத்தி, கார்களுக்கு மட்டும்தான் என்றார்கள். சூளகிரிப் பக்கம் ஒரு பங்க்கில் இருந்த சார்ஜரில் திரை கறுப்பாக இருந்தது. பங்க் பையன், "அது வச்சதுலேருந்தே அப்படித்தான் சார் நிக்குது" என்றான். தண்ணீர் கொண்டுவர, கால் வீங்கியவர்களை ஏற்றிவர என்று வண்டி முன்னும் பின்னும் ஓடியதில், கிருஷ்ணகிரியை நெருங்கும்போது சார்ஜ் காட்டும் கோடு சிவப்பாகிவிட்டது. ஏசி இல்லை, ஸ்பீக்கரை நிறுத்தினேன், சிலுவை விளக்கை அணைத்தேன். மனைவி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மாதா கரண்டு இல்லாமதான் இத்தனை காலம் ஓடுறா. உன் வண்டிதான் மூச்சு வாங்குது" என்றாள். ஆனால் குரலில் விளையாட்டு இல்லை.

கிருஷ்ணகிரிக்கு முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெரிய ஹோட்டல். அங்கே சார்ஜர் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. வாசலில் நின்ற வாட்ச்மேன், சுரூபத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "சாமி வண்டியா? லாரிய விடக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. பரவால்ல, உள்ள வாங்கண்ணா. மேனேஜர் கேட்டா நான் பாத்துக்கறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாக உள்ளே விட்டேன். மேலே டக்கென்று ஒரு சத்தம்.

"நிறுத்து, நிறுத்து! மாதா தலை!" என்று மனைவி கத்தினாள்.

இறங்கிப் பார்த்தேன். சார்ஜருக்கு மேலே தகரக் கூரை போட்டிருந்தார்கள். காருக்குப் போட்ட கூரை. டீசல் பங்க்கில் கூரை எவ்வளவு உயரம் இருக்கும் என்று யாராவது நிமிர்ந்து பார்த்திருப்போமா? பாரம் ஏற்றிய லாரியே நுழையும். இங்கே சிலுவை தகரத்தில் முட்டிச் சாய்ந்திருந்தது. சிலுவையைக் கழற்றினேன். அப்போதும் கெபி முட்டியது. கெபியின் மேல்பகுதியை எடுத்தாலும் மாதாவின் கிரீடமே கூரை மட்டத்துக்கு மேலே இருந்தது. அடியில் அடுக்கிய பெட்டிகளை உருவ, மாதாவை முதலில் கீழே இறக்கியாக வேண்டும். வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, கூரைக்கு வெளியே நிறுத்திக் கேபிளை இழுத்துப் பார்த்தோம். இரண்டு முழம் பத்தவில்லை. வாட்ச்மேனும் பிடித்து இழுத்தார், ரப்பர் நீளுமா என்பது போல.

"சாமிய கொஞ்ச நேரம் எறக்கி வச்சுட்டு போட்டுக்கங்களேண்ணா" என்றார்.

நான் வழக்கத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "எங்க ஊர்லயும் கரகம் எடுத்தா வழியில எறக்க மாட்டாங்க. அப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

மதியச் சாப்பாடு ஊரைத் தாண்டி ஒரு மாந்தோப்பில் என்று ஏற்பாடு. அரிசியும் அடுப்பும் என் வண்டியில். நடந்து வந்தவர்கள் வண்டியைக் கண்டதும் ஹோட்டல் மதிலோரம் வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். பொட்டலத்தைப் பிரித்து பிஸ்கட் தின்றார்கள். நான் வண்டிக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.

தலைவர் வந்து கூரையையும் கெபியையும் மாறி மாறிப் பார்த்தார். "தூக்கிக் கட்டுன்னு சொன்னது நான்தான். உன்மேல தப்பில்ல" என்றார். பிறகு, "ஆனா இதோட நின்னா ஆகாதுப்பா. ஒரு டீசல் வண்டி சொல்றேன். மாதாவ தரையில வைக்காம மாத்திடலாம்."

கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்ப வந்து சொன்னார்: "கோச்சுக்காத."

டெம்போ வந்தது. இரண்டு வண்டியையும் பின்பக்கம் ஒட்டி நிறுத்தினோம். நடுவில் பலகை போட்டோம். அதன் தளம் உயரம், பலகை சரிவாக நின்றது. நான் முடுக்கிய போல்ட்டுகளை நானே கழற்றினேன். மேலே இருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கீழே இருந்து நான் தள்ளினேன். "மரியே வாழ்க" என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன். மாதா என் வண்டியை விட்டுப் போனாள்.

பெண்கள் மனைவியிடம் வந்தார்கள். "அக்கா, கிளீனர் பின்னால உக்காந்துக்கறேன்னு சொல்லிட்டான். நாங்க உங்கள தூக்கி முன்னால உக்கார வைக்கிறோம். நாங்க பாத்துக்கறோம்."

ஒரே சீட்டுதான். நான் போக முடியாது. அவள் அந்த உயரமான படியைப் பார்த்தாள். பெண்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் மட்டும் போனால் குளிப்பாட்டுவது யார், தூக்கிப்போவது யார் என்று எல்லோருக்கும் முன்னால் பேச முடியாது.

"போறியா?" என்று கேட்டேன்.

"இல்ல. நீங்க கெளம்புங்கம்மா, வெயில் ஏறுது" என்று அவர்களிடம் சொன்னாள்.

அவர்கள் போனார்கள். டெம்போ சத்தத்தில் ஜெபமாலை கேட்கவில்லை.

கெபி இல்லாத வண்டி இப்போது அந்தக் கூரைக்குள் தாராளமாக நுழையும். ஆனால் நாங்கள் மாதாவைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே ஒரு கார் வந்து அங்கே மாட்டிவிட்டது. அதில் வந்த குடும்பம் உள்ளே சாப்பிடப் போயிருந்தது. "போய்ச் சொல்லட்டா?" என்று வாட்ச்மேன் கேட்டார். வேண்டாம் என்றேன். காத்திருந்தோம். மனைவிக்கு ஊட்டினேன், பாதிக்கு மேல் வேண்டாம் என்றாள்.

கார் போய், நான் மாட்டி, சார்ஜ் ஏற ஆரம்பித்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது. முழுக்க ஏற்றிக்கொண்டால் பின்னாலேயே போய்விடலாமே. போனில் அடுத்த சார்ஜர் தர்மபுரிப் பக்கம் காட்டியது. அதில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். போன் பேசுவதென்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். எடுத்தவர், "அது ரிப்பேர் சார். ஆள் எப்ப வருவாங்கன்னு எங்களுக்கே தெரியாது" என்றார். அதற்கு அடுத்ததற்குப் பேசினேன். யாரும் எடுக்கவில்லை. இந்த சார்ஜை வைத்துக்கொண்டு முன்னால் போனால், தீரும் இடத்தில் நிற்க வேண்டியதுதான். அவளையும் வைத்துக்கொண்டு.

அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் அவர்கள் போன ரோட்டைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போலாம். பச்சைக் கோடு இருக்கறப்பவே போலாம்."

திரும்பும் வழியெல்லாம் பின்னால் கலகலவென்று ஏதோ ஆடிக்கொண்டே வந்தது. டீசல் வண்டியாக இருந்தால் கேட்டிருக்காது. அவசரத்தில் இறக்க மறந்த சோற்று அண்டாவின் மூடி. ஓசூர் தாண்டியதும் மழை பிடித்தது. அப்போதுதான் அவள் பேசினாள்.

"மூடிய குடுக்காம வந்துட்டியே. சோத்த எத வச்சு மூடுவாங்க?"

அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை.

இந்த வருடக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. தலைவரே வீட்டுக்கு வந்தார். "இந்த வருசம் பழைய டெம்போவே சொல்லியாச்சுப்பா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் மூடியைத் திருப்பிக் கொடுத்தேன். மனைவியைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். இப்போது அவளால் வெகுநேரம் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. ஈஜிபுராவில் இருக்கும் டாக்டர் வீட்டுக்கு வண்டியில் போய்வருவதற்குள்ளேயே தலை சாய்ந்துவிடுகிறது.

நான் தினமும் அடுகோடி போகிறேன். பெட்டிகளை ஏற்றுகிறேன். மழை பெய்தால் தளத்தில் நான் போட்ட துளைகள் வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். அதனால் அடைக்காமல் விட்டிருக்கிறேன்.

சில நாள் சாயங்காலம் படுத்தபடியே கேட்பாள், "அந்த தர்மபுரி சார்ஜர சரி பண்ணிட்டாங்களா, பாரு."

முன்பெல்லாம் போனை எடுத்துப் பார்ப்பேன். அந்த இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிதான் இருக்கும். இப்போது எடுப்பதில்லை. "இன்னும் இல்ல" என்று சொல்கிறேன். அவளும் போன் எங்கே என்று கேட்பதில்லை.