முந்தின நிதி அமைச்சர்

கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு ஜெர்மனிக்கு வந்த இலங்கைத் தமிழர் நாற்பத்தாறு பேருக்கு எங்கள் அகதி விடுதியில் ஒரே ஓர் அடுப்பு. அந்தக் குறையைச் சொல்ல ஒரு பாராளுமன்ற உறுப்பினரை அழைத்திருந்தோம். நெடிய மனிதர். வெள்ளைத்துணி விரித்த கதிரையில் அவர் உட்காரவேயில்லை. யார் பேசினாலும், மொழிபெயர்ப்பு முடியும்வரை பேசியவரின் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

வந்தவரைக் குளிர்விக்க முன்பிருந்தவரைத் திட்டுவது எங்கள் மேடை வழக்கம். ஊரில் வாத்தியாராயிருந்த நானும் அப்படியே தொடங்கினேன்.

"உங்களில பிழையில்லை ஐயா. இந்த மாநிலத்தில முந்தி இருந்த நிதி அமைச்சர்தான், ஈவிரக்கமில்லாமல் அடுப்புக் காசை வெட்டினவர்."

அவர் சொன்ன பதிலைக் கேட்டு, மொழிபெயர்த்த பெண் திகைத்துப்போனாள்.

"மாஸ்டர், அந்த அமைச்சரே இவர்தானாம்! பிழை தன்னிலதானாம். அடுப்பு இருக்கிற குசினியைக் காட்டச் சொல்லுறார்."

"ஐயோ பிள்ளை, நான் திட்டினதையும் அப்பிடியே சொன்னனீரோ?"

"ஓம். ஒரு சொல்லும் விடயில்லை."

எங்களில் ஒருவருக்கும் அவருடைய பழைய பதவி தெரியாது. அவர் சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த மாதம் நான்கு அடுப்புகள் வந்தன.

ஊரில் பதினொரு அமைச்சர்களுக்கு மாலை போட்டவன் நான். பிழை தன்னுடையது என்று ஓர் அமைச்சர் சொல்லக் கேட்டது அன்று மட்டும்தான்.