பேச்சி ஒளித்துத் தின்ற ஆரஞ்சு

ஒரே ஒரு ஆரஞ்சுப் பழத்துக்காகத் திருப்பூர் முழுக்க அத்தனை தையல் மெஷின்களும் மூச்சை நிறுத்திய நாள் ஒன்று உண்டு. சரி, முறைக்க வேண்டாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நின்றது ஒரு பனியன் கம்பெனியில், ஒரு மெஷின், பத்து நிமிடம். அதை மிதித்துக்கொண்டிருந்தவள் முத்துப்பேச்சி.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமான மூன்றாம் மாதமே புருஷன் இசக்கிமுத்துவோடு திருப்பூர் பஸ் ஏறினாள். அவன் சாயப்பட்டறைக்குப் போனான். இவள் பனியன் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டைலரானாள். இவள் தைக்கிற வேகத்துக்குக் காற்றுக்கே சட்டை மாட்டிவிடலாம். ஒரு பிள்ளைக்காக நாலு வருஷம் காத்துக் கிடந்த பிறகு, 2005 ஐப்பசியில் வாந்தி ஆரம்பித்தது. சோறு ஆகவில்லை, டீ ஆகவில்லை. மெஷின் எண்ணெய் வாசம் பட்டாலே குடல் வாய்க்கு வந்தது. வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்று, கமலா ஆரஞ்சு.

இசக்கிமுத்து அதை அவள் கையிலிருந்து பிடுங்கினான். கோபத்தில் இல்லை, பயத்தில். பட்டறைத் தொட்டியில் அவன் தினமும் கொட்டுகிற வெள்ளைத் தூளுக்கு சிட்ரிக் ஆசிட் என்று பெயர். "பயப்படாதப்பா, ஆரஞ்சுல இருக்கற புளிப்புத்தான் இது" என்று ஸ்டோர்காரர் ஒருநாள் தைரியம் சொல்லப்போக, அது இவன் மண்டையில் தலைகீழாக ஏறிவிட்டது.

"ஏளா, என் கையப் பாரு." தோலுரிந்து வெளுத்த விரல்களை விரித்துக் காட்டினான். "காச்ச கையே இப்படி ஆயிருக்கு. உள்ள கெடக்கது பிஞ்சுல்லா, அது தாங்குமா?"

அந்தக் கையைப் பார்த்தபின் அவள் எதை எதிர்த்துப் பேசுவாள்? தலையாட்டினாள். நாக்குதான் கேட்கவில்லை.

பக்கத்தில் மடிப்புத் தைக்கிற பேட்லாக் மெஷின்காரி சாயிரா பானு மூன்று பெற்றவள். சாப்பாட்டு வேளையில் குழாயடிக்குப் போய்ப் பழத்தையும் கையையும் நன்றாகக் கழுவி, உரித்து, பாதியை நீட்டுவாள்.

"தின்னு புள்ள. மூணுக்கும் நான் தின்னேன். எதுக்காச்சும் ஓட்டை விழுந்துச்சா?"

"அவுகளுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா அவருக்கும் ரெண்டு சுளை குடுத்து வாயை அடைச்சிருவோம்."

சிரித்துக்கொண்டே தின்பாள் பேச்சி. தோலைக் கழிவுத் துணிக்குள் சுருட்டி மறைப்பாள். வீட்டுக்குக் கிளம்புமுன் வாய் கொப்பளித்து, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து முகர்ந்து பார்ப்பாள்.

ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பவேயில்லை. குழந்தையின் இதயம் நின்றிருந்தது.

பெண் குழந்தை. துணியில் சுற்றிக் கொடுத்ததை இசக்கிமுத்து அந்த வெளுத்த விரல்களால்தான் வாங்கினான். பார்த்துக்கொண்டிருந்த பேச்சிக்கு அந்தக் கணமே முடிவாகிவிட்டது. கொன்றது நான்தான்.

பார்க்க வந்த சாயிராவுக்கு முகம் கொடுக்காமல் இரண்டு தடவை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை சாயிரா விடவில்லை. "எம்மேல என்ன கோவம், சொல்லிரு."

"உங்க மேல இல்லக்கா. ஆசிட்டுன்னு தெரிஞ்சேதான தின்னேன்."

சாயிரா மறு செக்கப்புக்கு லீவு போட்டுக் கூடவே போனாள். இசக்கிமுத்து பக்கத்தில் நிற்கும்போதே நர்ஸ் சாரதாமணியிடம் கேட்டாள்: "ஏனுங்க சிஸ்டர், ஆரஞ்சு தின்னா வவுத்துக் கொழந்தை செத்துப்போகுமுங்களா?"

சாரதாமணி எழுதுவதை நிறுத்தினார். பட்டறைத் தூள் கதையை இசக்கிமுத்து தட்டுத் தடுமாறிச் சொன்னான்.

"மூட்டை மூட்டையா வெறுங்கையில அள்ளுனா கை வெந்துதான் போகுமுங்க. பழத்துல இருக்கறது துளியூண்டு. நம்ம வவுத்துல ஊறுறது அதவிடக் கடுமையான ஆசிட்டு. கழுவி, உரிச்சு, நாளைக்கு ஒன்னு ரெண்டு தின்னா நல்லதுதான். இரும்புச்சத்து மாத்திரையோட தின்னா மாத்திரை இன்னும் நல்லா ஒடம்புல சேரும். நெஞ்செரிச்சல் வந்தா கொறச்சுக்கோணும். ரோட்டோர ஜூஸ் வேண்டாம், அவ்வளவுதான்." பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கொழந்தைக்கு இருதயமே சரியா உருவாகலைன்னு ரிப்போர்ட்டுல இருக்குது கண்ணு. நீ தின்னதுனால போகல. தின்னாம இருந்தாலும் தங்கியிருக்காது."

இசக்கிமுத்து பேச்சியின் பக்கம் திரும்பினான். "தின்னியா?"

"பாதி பாதியா."

"முழுசாத் திங்க விட்டிருக்கலாம்லா நான்..." என்றான்.

"எம்புள்ள ருசி பாத்ததே அது ஒன்னுதான்," என்றாள் பேச்சி. "அதையும் களவாண்டுல்லா குடுத்தேன்."

அவள் மறுபடி வேலைக்கு வந்த அன்று, சாயிரா ஒரு பழத்தைக் கழுவிக் கொண்டுவந்து ஓவர்லாக் மேசையில் வைத்தாள். முழுப் பழம். லைன் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சி மிதியிலிருந்து காலை எடுத்தாள். எல்லோர் கண்ணும் பார்க்க உரித்து, ஒவ்வொரு சுளையாகத் தின்றாள். கண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்தது. தோலை மறைக்கவில்லை.

சத்தம் போடவென்று வந்த சூப்பர்வைசர் பொன்னுச்சாமி, பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார். "அங்க என்னய்யா நிக்குது?" என்று மேனேஜர் கேட்டதற்கு, "ஒன்னுமில்லீங்க சார். ஒரு மெஷின், பத்து நிமிசம்" என்றார்.

சாயிரா தன் மிதியிலிருந்தும் காலை எடுத்துவிட்டு, திரும்பாமலே சொன்னாள்: "ஒன்னு இல்லீங்கண்ணா. ரெண்டு."