பொம்மைக்கு விழுந்த ஏச்சு

இன்று தாராவி பால்வாடியில் மகளைக் கூட்டிவரப் போனேன். பிள்ளைகள் சொப்பு வைத்து வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மகள்தான் அம்மா.

பொம்மையை மடியில் போட்டு, பக்கத்து வீட்டு அம்மாக்களைப் போல ஹிந்தியில் கொஞ்சி, தட்டித் தூங்கவைத்தாள். "சோ ஜா, பேட்டா."

பொம்மை கீழே விழுந்ததும் தமிழ் வந்தது.

"ஏட்டி, சும்மா கெடக்க மாட்டியா? ஒங்கூட ஒரே ரோதனையாப் போச்சு!"

அப்படியே என் குரல்.

டீச்சர் சிரித்தார். "வெளையாட்டுலதான் பிள்ளைக எல்லாத்தையும் படிக்கும். ஏசுறதுக்கு மட்டும் தமிழ எடுக்கா, பாத்தியளா?"

நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். தமிழ் பேச அவளுக்கு நான், எனக்கு அவள்.

இதைப் படிக்கிறவர்கள், கொஞ்சுகிற வார்த்தை தமிழில் நாலு சொல்லுங்களேன். என்னிடம் யாரும் சொல்லி நாளாகிவிட்டது, மறந்துபோச்சு.