உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு கல்லூரி

எங்கள் அத்தா, அதாவது அப்பா, ஓர் ஊரை எடைபோடும் முறை எளிது. போய் இறங்கியதும் ஏதாவது ஒரு கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பிறகு டீ. இரண்டும் வாய்க்கு ஒத்துவந்தால் அது நல்ல ஊர். அவர் கம்பத்தில் திராட்சை வியாபாரி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். ஆண்டிபட்டி கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள எந்த ஊரும் இந்தத் தேர்வில் இதுவரை தேறியதில்லை.

என் தங்கை தேனியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதுநிலை நர்சிங் படிக்க இரண்டு கல்லூரிகளில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஒன்று தேனிக்குப் பக்கத்தில். நினைத்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். மற்றது மதுரையையும் தாண்டி. எதில் சேர்வது என்று அந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். பிரசவம், பாம்புக்கடி, பைக் விபத்து என்று எல்லாவற்றுக்கும் அசராமல் நிற்பவள், வென்டிலேட்டர் முன்னால் நின்றால் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை என என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தீவிர சிகிச்சை வேலையை முறையாகக் கற்க வேண்டும் என்பதற்காகத்தான் மேற்படிப்பே.

இரண்டையும் நேரில் பார்த்துவிடலாம் என்று பத்திரிகை அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு காரை நான் ஓட்டினேன். அத்தா வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, மடியில் பன்னீர் திராட்சைப் பெட்டியோடு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளையா பாக்கப் போறோம்? பெட்டியெல்லாம் எதுக்கு அத்தா?" என்றாள் தங்கை பின்னாலிருந்து.

"ஒரு எடத்துக்குப் போறப்ப வெறுங்கைய வீசிக்கிட்டா போறது?"

முதல் கல்லூரியில் வளைவு வைத்த வாசல், புல்தரை, நடுவில் நீரூற்று. அலுவலகத்தில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். அத்தா அதைத் தள்ளிவைத்துத் தண்ணீர் கேட்டார், குடித்தார், முகம் மலர்ந்தது.

"இங்கன தண்ணி நம்ம தண்ணி மாதிரியே இருக்குத்தா. சேந்துரு."

"ஆஸ்பத்திரியப் பாக்கணும் அத்தா. படிக்கப்போறது அங்கனதான."

கல்லூரியை ஒட்டியே அதன் ஆஸ்பத்திரி. பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. ஒரு பையில் திராட்சையைப் போட்டுக்கொண்டு, யாருக்கோ பழம் கொண்டுபோகிறவர்களைப் போலப் பெண்கள் வார்டுக்குள் நுழைந்தோம். அத்தா வெளியே நின்றுகொண்டார். உள்ளே ஒரு அம்மாவுக்கு ஏறிக்கொண்டிருந்த ட்ரிப் தீர்ந்து, குழாயில் ரத்தம் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. தங்கை, "சிஸ்டர்... சிஸ்டர்..." என்று கூப்பிட்டாள். மேஜையருகே இரண்டு மாணவிகள் ஒரே செல்போனுக்குள் தலையைக் கொடுத்திருந்தார்கள். யாரும் வராததால் அவளே குழாயை அடைத்தாள். அவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதோடு போகவில்லை, அந்தப் பக்கம் வந்த ஆயா, "சிஸ்டர், அந்தக் கடைசி பெட்டும் கூப்ட்டுக்கிட்டே கெடக்கு, அதையும் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை அதையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னத்தா, எப்புடி?" என்றார் அத்தா.

"ரொம்ப சுதந்திரமா இருக்கு."

அத்தா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

கணவாயைத் தாண்டியதும் காற்று மாறியது. அத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டார். இரண்டாவது கல்லூரி இருந்த ஊரில் தண்ணீர் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. ஜெராக்ஸ் கடைகள், லேடீஸ் ஹாஸ்டல் போர்டுகள், வெள்ளைக் கோட்டுகள் வாசலில் தொங்கும் ஒரு தையல் கடை, 'புரோட்டா இல்லை' என்று எழுதிப்போட்ட ஒரு மெஸ். அவ்வளவுதான் ஊர். அத்தா டீயை ஒரு வாய் வைத்துவிட்டு கிளாஸைத் தள்ளினார்.

"டீயா இது? உப்புக் கஞ்சி. நீங்க போய்ட்டு வாங்க, நான் வரல."

கல்லூரியின் ஆஸ்பத்திரி சுண்ணாம்பு உதிர்ந்த கட்டடம். அங்கேயும் திராட்சைப் பையோடு நுழைந்தோம். வார்டில் ஒரு பெண்ணுக்கு ஊசி குத்திய இடத்தில் கை லேசாக வீங்கியிருந்தது. தங்கை தான் பழம் கொண்டுவந்தவள் என்பதை மறந்து, குனிந்து அதன்மேல் விரலை வைத்தாள்.

"கையை எடுங்க."

பின்னால் கண்ணாடி போட்ட குள்ளமான ஓர் அம்மா.

"யாரைப் பாக்க வந்தீங்க? பேஷண்ட் பேரச் சொல்லுங்க."

தங்கை என்னைப் பார்த்தாள். கேள்வி கேட்டே சம்பளம் வாங்கும் நான் திராட்சைப் பையைத் தூக்கிக் காட்டினேன்.

"தொட்ட விதத்தப் பாத்தா நர்ஸ் மாதிரி தெரியுது. நர்சுன்னா கை கழுவாம தொடுவீங்களா?"

தங்கையின் காது சிவந்தது. அதற்குள் ஒரு மாணவி ட்ரேயோடு வந்து, அந்த ஊசியை எடுத்து மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டாள். வீக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ட்ரே எடுக்கப் போயிருக்கிறாள்.

"பழத்தையும் எடுத்துட்டுப் போங்க. இங்க பாதிப் பேருக்கு சுகர்."

வெளியே வந்ததும் தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நேராக டீக்கடைக்குப் போனாள்.

"அத்தா, எனக்கு இந்தக் காலேஜ்தான்." நடந்ததையும் சொன்னாள்.

"கிறுக்கு புடிச்சிருச்சா? வெரட்டிவிட்டாகங்குற, இங்கனயே சேரணுங்குற!"

"அங்கன எவளோ ஒருத்தி வந்து ட்ரிப்ப அடைச்சுட்டுப் போறா, ஏன்னு கேக்க நாதியில்ல. இங்கன வெரல வச்ச ஒடனே புடிச்சுட்டாக. நீங்க தோட்டம் பாக்கப் போனா வாசப் பக்கத்துப் பந்தலப் பாத்தா வெல பேசுறீக? கடைசிப் பந்தலுக்குப் போயி நுனிப் பழத்தத்தான வாயில போடுறீக?"

கொத்தின் நுனியில் இருக்கும் பழம்தான் கடைசியாக இனிக்கும். அது இனித்துவிட்டால் மற்றவற்றைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. அத்தா வாழ்நாள் முழுவதும் திராட்சை வாங்கியது இப்படித்தான். அவர் டீ கிளாஸை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தார்.

"அதுக்காக இந்தத் தண்ணிய ரெண்டு வருசம் குடிப்பியாக்கும்," என்றார். அதுதான் சம்மதம்.

சேர்கிற அன்று கார் டிக்கி நிறைய கம்பத்துத் தண்ணீர் கேன்களோடு அத்தாவும் வந்தார். தாழ்வாரத்தில் எதிரே அதே கண்ணாடிக்கார அம்மா. தீவிர சிகிச்சைப் பாடம் எடுப்பவரே அவர்தானாம். தங்கையைக் கண்டதும் நின்றார்.

"பேஷண்ட் பேரு ஞாபகம் வந்துச்சா?"

"இல்ல மேடம்."

"சரி. கை கழுவிட்டு உள்ள வாங்க."

தங்கை குழாயடிக்குப் போனாள். அத்தா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்தம்மா மட்டும் திராட்சை வாங்க வந்தாகன்னு வையி, நம்ம யாவாரம் அம்புட்டுத்தான்."