பச்சை டிக்

எங்கள் மருத்துவமனையில் அவரைத் தரகரம்மா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணத் தரகு இல்லை, கம்ப்யூட்டர் தரகு. சோதனைக்கூடத்துக்கு ஒரு சாஃப்ட்வேர், மருந்தகத்துக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று. எல்லாம் வெவ்வேறு கம்பெனியிடம் வாங்கியவை. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. ஒன்று சொல்வதை மற்றதற்குப் புரியும்படி மாற்றி அனுப்பும் இணைப்பை நடுவில் உட்கார்ந்து கட்டியவர் இவர். மூன்றாவது மாடியில், லிஃப்ட் மோட்டார் உறுமும் அறைக்குப் பக்கத்தில் அவர் சீட்டு. கோளாறு என்றால் எல்லாக் கம்பெனிக்காரர்களும் "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு" என்று கையை விரிப்பார்கள். சம்பந்திச் சண்டையேதான். இவர் அசர மாட்டார். அத்தனை பேரையும் ஒரே போனில் பிடித்து, "சரி, தப்பு என் தலையிலேயே விழட்டும். இப்ப ஆளுக்கொரு வேலை செய்யுங்க" என்பார்.

ரத்தச் சோதனையில் ஆபத்தான அளவு வந்தால், முன்பெல்லாம் சோதனைக்கூடத்திலிருந்து வார்டுக்கு போன் வரும். இணைப்பு வந்ததும் நிர்வாகி அதை நிறுத்திவிட்டார்.

"அதான் ஸ்கிரீன்லயே வருதே!"

வரும், வராமல் என்ன? என் இரண்டு கையும் ஒருவர் புண்ணில் இருக்கும்போது, ஸ்கிரீனை என் மாமியாரா வந்து பார்ப்பார்? நான் வார்டு நர்ஸ், எனக்குத்தானே தெரியும்.

தரகரம்மாவும் மன்றாடினார். "பச்சை டிக் வந்தா, தகவல் வார்டு கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சுன்னுதான் அர்த்தம் சார். சிஸ்டர் பார்த்தாங்கன்னு அர்த்தமில்ல. பார்த்ததும் அழுத்த ஒரு பட்டன் வைக்கணும். அதுவரைக்கும் போனும் இருக்கட்டும்."

"அடுத்த கட்டத்துல பார்த்துக்கலாம்" என்று நிர்வாகி தட்டிக்கழித்தார்.

பிறகு தரகரம்மாவின் அம்மாவே சிறுநீரகக் கோளாறோடு என் வார்டில் சேர்ந்தார். ஒரு மத்தியானம் நான் கடைசிக் கட்டிலில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். தரகரம்மா செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"சிஸ்டர், அம்மாவுக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு!"

மாடியில் தன் திரையில் அம்மாவின் பெயரையும் பக்கத்தில் பச்சை டிக்கையும் பார்த்திருக்கிறார். என் மேசைக் கம்ப்யூட்டரோ தகவலை வாங்கிவைத்துக்கொண்டு கமுக்கமாகக் கிடந்தது. டாக்டர் வந்தார், ஊசி போட்டோம், இதயத் துடிப்பு சீரானது. அம்மாவோ, "எதுக்குடி இப்படி ஓடிவர்றே? விழுந்து தொலைக்கவா?" என்று மகளைத் திட்டினார்.

தரகரம்மா மாடிக்குப் போய், தான் கட்டிய அந்த இணைப்பைத் தன் கையாலேயே நிறுத்தினார். அது ஓடும்வரைதானே போன் வேண்டாம் என்பார்கள்! நின்றால் பழையபடி போன் செய்துதானே ஆகவேண்டும்! இரண்டு வருட உழைப்பு. வேலையே போனாலும் போகலாம்.

நிர்வாகி கொதித்துப்போய் வார்டுக்கே வந்துவிட்டார். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? உங்க அம்மாவுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே!"

அதற்குள் அம்மாவிடம் திரும்பியிருந்த தரகரம்மா, அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"எங்க அம்மாவுக்கு நான் ஓடிவந்தேன் சார். பக்கத்துக் கட்டில்ல இருக்கிற அம்மாவுக்கு யார் ஓடிவருவா?"