விற்காத வீட்டின் விலை

என் வேலை என்னவென்று யாரிடமாவது விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால், பாதியிலேயே சிரித்துவிடுவார்கள். விற்கவே போகாத வீட்டுக்குள் நுழைந்து, "இதை இன்னைக்கு வித்தா எவ்வளவு போகும்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வருவதுதான் வேலை. நாட்டில் வீட்டு விலை ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அரசாங்கம் கணக்குப் போடுகிறதே, அந்தக் கணக்குக்காகத் தெருத்தெருவாக அலைகிறவள் நான்.

"பத்திர ஆபீஸ்ல கேட்டாத் தெரியாதா?" என்பார்கள். தெரியாது. முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்பது ஊரறிந்த ரகசியம். லோன் கொடுக்கிற இடத்தில் கேட்கலாம் என்றால், லோன் போடாமல் வாங்கிய வீடு அந்தக் கணக்கிலேயே வராது. இன்னொரு வம்பும் இருக்கிறது. போன வருஷம் ஓட்டு வீடுகளும் இந்த வருஷம் மாடி வீடுகளும் அதிகமாக விற்றிருந்தால், விலை கன்னாபின்னாவென்று ஏறிவிட்ட மாதிரி தோன்றும். விலை ஏறியிருக்காது, வீடுதான் வேறாக இருக்கும். அதனால் ஒரே வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போவோம். புதிதாக ஒரு அறை கட்டியிருந்தால், டைல்ஸ் போட்டிருந்தால், அதைத் தனியாகக் கழித்துவிட்டு, மிச்ச வீடு இன்றைக்கு என்ன போகும் என்று பார்க்க வேண்டும். அதற்காக டேப் பிடித்து அளப்போம், சுவரைத் தட்டுவோம், கூரையை அண்ணாந்து பார்ப்போம். இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். இப்படிச் செய்கிறவளைப் பார்த்து எங்கள் ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அருப்புக்கோட்டை பக்கம் பாளையம்பட்டியில் ஒரு வீடு புதிதாகக் கணக்கில் சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டப் போயிருந்தார். அவர் மனைவி என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டதும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மோர் கொடுத்தாள். டேப்பின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டு அறை அறையாக வந்தாள். மகளுக்குத் திருச்சுழியில் மாப்பிள்ளை பேசி முடிந்திருக்கிறது, பூ வைக்க நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று, நான் கேட்காமலேயே சொன்னாள். இதற்கு முன் வந்த இடங்கள் எல்லாம் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிப் போயிருந்தன. இது அமைந்ததில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாசலில் நின்று என் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "இந்த வீட்டை வித்தா எவ்வளவுக்கா போகும்?" எனக்குச் சற்று உரத்த குரல். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே சேலையை வெகு நேரமாக உதறிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எடுத்ததுமே சண்டை.

"நல்லா இருப்பியா நீ? வந்து அளந்துட்டுப் போன, எங்க வீடே விலைக்கு வந்துருச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. கடன்ல முழுகிட்டோமாம், கல்யாணத்துக்கு முன்னாடி வீட்ட வித்துட்டு ஓடப் போறோமாம். மாப்பிள்ளை வீட்டுல கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்னு சொல்லி விட்டுட்டாக."

எனக்கும் மூக்கு நுனியில்தான் கோபம். "நான் என் வேலையத்தானக்கா பாத்தேன்? புரளி கெளப்புனவுகளக் கேளுங்க" என்று கத்திவிட்டேன்.  அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மாப்பிள்ளையோட அம்மாகிட்ட நீயே போயிச் சொல்லும்மா. நாங்க சொன்னா யாரு நம்புவா?" என்றாள்.

ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. சொன்ன வீட்டுக்காரியே சொல்லச் சொல்லி அழுதால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, திருச்சுழி பஸ் பிடிக்க அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அக்காவின் மகள் அங்கே எனக்காக நின்றிருந்தாள். டவுனில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறாள். கண் வீங்கியிருந்தது.

"அவுக நல்லவுகதான்க்கா. அத்தையும் என்னயப் பாக்கும்போதெல்லாம் கையப் பிடிச்சுக்கிட்டுதான் பேசுவாக. நடந்தத மட்டும் சொல்லுங்க. எனக்காகக் கெஞ்சிறாதீக." அவ்வளவுதான் சொன்னாள். பஸ் கிளம்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே ரொம்பப் பிடித்துப் போனது.

திருச்சுழியில் மாப்பிள்ளையின் அம்மா வாசல் முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கையெல்லாம் மிளகாய். உட்காரச் சொன்னார், சொம்பைக் காட்டித் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் யார், எதற்காக அந்த வீட்டை அளந்தேன், அவர்கள் வீட்டை விற்கப் போவதாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி முடித்தேன். அவர் கிள்ளுவதை நிறுத்தவே இல்லை.

"விக்காத வீட்டு விலை கவர்மெண்டுக்கு எதுக்கு? அவுக உங்களச் சொல்லச் சொல்லி அனுப்பிருக்காக. நாங்க என்ன விவரம் தெரியாதவுகளா?"

கெஞ்சக்கூடாது என்றுதான் அந்தப் பெண் சொன்னாள். கோபப்படக்கூடாது என்று சொல்லவில்லையே! சடாரென்று எழுந்து சுவரைத் தட்டினேன். கூரையை அண்ணாந்து பார்த்தேன். என் உரத்த குரலில், தெருவுக்கே கேட்கும்படி, "இந்த வீட்டை வித்தா எவ்வளவும்மா போகும்?" என்றேன்.

அந்த அம்மா துள்ளி எழுந்துவிட்டார். மடியிலிருந்த மிளகாய் எல்லாம் சிதறியது. "என்ன கேள்வி கேக்குறீக? விளக்கு வைக்கிற நேரத்துல! யாரு சொன்னா விக்கிறோம்னு? எம் புருசன் ஒவ்வொரு கல்லா வாங்கிப் போட்டுக் கட்டுன வீடு இது!"

எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். 

"அடியாத்தீ" என்று மெதுவாக உட்கார்ந்தார். "நாளைக்கு இவுக இத அருப்புக்கோட்டை வரைக்கும் கொண்டு போயிருவாகளே." சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவர் கண் கலங்கிப் போனார். மிளகாய்க் கையால் துடைக்க முடியாமல் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். "அந்த மதினியும் இப்பிடித்தான பதறியிருப்பாக. நான் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? எவளோ சொன்னதக் கேட்டுக்கிட்டுப் பொறுத்துப் பாப்போம்னு சொல்லி விட்டுட்டேன்."

அவர் போன் ஜன்னலில் இருந்தது. கையில் மிளகாய் என்பதால் என்னையே போடச் சொன்னார். ஸ்பீக்கரில் வைத்து அவர் முகத்தருகே பிடித்தேன்.

"மதினி, நாந்தேன் பேசுறேன்."

"விக்கல மதினி, சத்தியமா விக்கல..." என்று அக்காவின் குரல் உடைந்தது.

"விக்கிறீகளா இல்லையான்னு நான் கேக்கவே இல்லையே? வித்தாலும் நீங்க எனக்கு மதினிதான். அழுகாதீக. புள்ளகிட்டக் குடுங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. "அத்தை" என்றாள் அந்தப் பெண்.

நிறையப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.  அவரோ, "சாப்பிட்டியா தாயி?" என்று மட்டும் கேட்டார்.

 பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு நிமிர்ந்து நின்ற பெண், சின்னப் பிள்ளை மாதிரி, "இல்லத்தே" என்றாள்.

"எம் மகனும் அப்பிடித்தான் கெடக்கான்" என்றார் அவர். "முதல்ல போயிச் சாப்பிடு. உங்கம்மாவுக்கும் போட்டுக் குடு. வெள்ளிக்கிழமை பூ வைக்க வாரோம்."